இரண்டாவது வரியில் ஸ்ரீ

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் தயங்கிவிட்டேன். பேப்பரை எடுத்து, மேலே ஸ்ரீ போட்டு, அதற்குக் கீழே ஒரு வரிகூட ஓடாமல் மூடிவைத்த நாட்கள் உண்டு. நடந்தது பெரிய சம்பவம் ஒன்றும் இல்லை. ஒரு காலை நேரத்தில் தொடங்கி மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துபோனது. ஆனால் அதில் என் பெருமாளின் பெயர் இருக்கிறது. என்னோடு வேலை பார்த்த ஒரு பெண்ணின் மானமும் இருக்கிறது. இதைப் பாதியாகச் சொன்னால் இரண்டுக்கும் கெடுதல். முழுதாகச் சொல்ல எனக்கு எழுத்து வராது என்ற பயம்.

இப்போது அந்தப் பெண்ணே எழுதச் சொல்லிவிட்டார். அதனால் எழுதுகிறேன். கம்ப்யூட்டர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகள், தங்கச்சிகள் படிப்பதற்காக.

நான் அதிகம் படித்தவன் இல்லை. பத்தாவது முடித்து ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். திருவெறும்பூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, அங்கே கம்ப்யூட்டர் அறைக்கு ஆள் போதவில்லை என்று என்னை உள்ளே தள்ளினார்கள். அப்படிப் பிடித்த தொழில்தான் கடைசிவரை சோறு போட்டது. பிற்பாடு தில்லைநகரில் ஒரு சின்னக் கம்பெனிக்கு மாறினேன். மற்றவர்களுடைய இணையதளங்களை ஓட்டும் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. தினமும் காலையில் ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு பஸ் ஏறுவேன். பாலத்தில் பஸ் போகும்போது காவேரியில் தண்ணீர் ஓடுகிறதா என்று எட்டிப் பார்ப்பேன். அப்புறம் ஆபீஸ்.

எங்கள் வீட்டில் எதை எழுதினாலும் மேலே ஸ்ரீ போட்டுத்தான் எழுதுவோம். மளிகைச் சீட்டாக இருந்தாலும் சரி. எனக்குக் கை தானாகவே போட்டுவிடும்.

நம் வேலையில் இமேஜ் என்று ஒன்று இருக்கிறது. உங்களுக்குத் தெரியும். வீட்டில் பெரியவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கம்ப்யூட்டரை முழுதாகத் தயார் செய்து, அதை அப்படியே அச்சு எடுத்து வைத்துக்கொள்வது. பிறகு எத்தனை மெஷின் வேண்டுமானாலும் அந்த அச்சிலிருந்து உருவாக்கலாம். தாய் மெஷினில் என்ன இருக்கிறதோ அது எல்லாவற்றிலும் இருக்கும். இந்தக் கடைசி வாக்கியம் எனக்கு எப்படிப் புரிந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

காட்டூரில் ஒரு கல்லூரி லேபுக்கு இமேஜ் தயார் செய்துகொண்டிருந்தேன். அன்று மணப்பாறைக்கு ஒரு விசேஷத்துக்குப் போக வேண்டியிருந்தது. திரும்பும்போது முறுக்கு வாங்கிவரச் சொல்லி வீட்டிலிருந்து போன். யார் யாருக்கு எவ்வளவு என்று சொல்லிக்கொண்டே போனார்கள். கையில் பேனா இல்லை. தாய் மெஷினின் திரையிலேயே ஓர் ஓரத்தில் தட்டிவைத்தேன். அப்புறம் மறந்துபோய் அச்சு எடுத்துவிட்டேன். லேப் திறந்த அன்று பிள்ளைகள் உட்கார்ந்தால் ஒவ்வொரு திரையிலும் மேலே ஸ்ரீ, அதற்குக் கீழே, "பெரிய அத்தைக்கு ரெண்டு பாக்கெட், காரம் இல்லாதது."

அதற்கப்புறம் அந்தக் கல்லூரிக்கு எப்போது போனாலும் யாராவது ஒரு பிள்ளை கேட்கும். "சார், பெரிய அத்தை நல்லா இருக்காங்களா?"

அச்சு எடுப்பதற்கு முன் தாய் மெஷினை ஒருமுறை துடைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது அந்த முறுக்கால்தான்.

தில்லைநகர் கம்பெனியில் எனக்குத் தொழில் பழக்கியவர் ஓர் அம்மா. என்னைவிட வயதில் நன்றாகச் சின்னவர். நான் மேடம் என்றுதான் கூப்பிடுவேன். பெயர் போட வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. அங்கே மெஷினைக் கையால் தயார் செய்வது போய், கமாண்டுகளை வரிசையாக எழுதி ஒரு ஸ்கிரிப்டாக வைத்துவிடும் முறை வந்திருந்தது. இணையதளத்துக்கு வருகிற கூட்டம் அதிகமானால் இமேஜிலிருந்து புது மெஷின் தானாகப் பிறக்கும். பிறந்தவுடன் அந்த ஸ்கிரிப்டைப் படித்துத் தன்னைத் தானே தயார் செய்துகொள்ளும். நான் எழுதிய முதல் ஸ்கிரிப்டில் வழக்கம்போல மேலே ஸ்ரீ போட்டேன். மெஷினைக் குழப்பக் கூடாது என்று முன்னால் ஹேஷ் குறியும் போட்டேன். ஹேஷ் போட்ட வரியை மெஷின் கண்டுகொள்ளாது என்று படித்திருந்தேன். நானே கையால் ஓட்டிப் பார்த்தபோது நன்றாக ஓடியது. தானாகப் பிறந்த மெஷினில் மட்டும் ஓடவே இல்லை.

மேடம் வந்து பார்த்தார். திட்டவில்லை. சிரிக்கவும் இல்லை.

"ரெங்கராஜ் சார், நீங்க கையால ஓட்டும்போது யாரு ஓட்டணும்னு நீங்களே சொல்லிடுறீங்க. புதுசா பொறக்குற மெஷினுக்கு யாரு சொல்லுவா? அது மொதல் வரியத்தான் பாக்கும். அங்க யாரு ஓட்டணும்னு சொல்ற அதோட குறி இல்லன்னா இது ஏதோ கடுதாசின்னு ஓரமா வெச்சிடும். மொதல் வரி மெஷினோடது. உங்க சாமிக்கு ரெண்டாவது வரி குடுங்க. அங்க யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க."

அன்றிலிருந்து என் ஸ்கிரிப்ட் எல்லாவற்றிலும் ஸ்ரீ இரண்டாவது வரியில்தான் இருக்கும். மேடம் பிறகு பெங்களூர் போய்விட்டார். ஏன் இரண்டாவது வரி என்று அதற்கப்புறம் வந்த யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இனி ரஹ்மத் விஷயத்துக்கு வருகிறேன்.

ரஹ்மத் எங்கள் கம்பெனியில் சேர்ந்தபோது அவருக்கு முப்பது வயது இருக்கும். பெரிய கடைவீதிக்குப் பின்னால் வீடு. அவருடைய அத்தா, அதாவது அப்பா, பை, குடை ரிப்பேர் செய்யும் கடை வைத்திருந்தார். கணவர் வளைகுடாவில் வேலை பார்த்து, முதுகில் அடிபட்டுத் திரும்பி வந்தவர். படுக்கையிலிருந்து எழுந்து நடக்கப் பழகிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் போகும் பெண் குழந்தை ஒன்று. ரஹ்மத் கொண்டுபோகும் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. தகுதிகாண் காலத்தில் இருந்தார். அந்த மாதக் கடைசியில் வேலை நிரந்தரமாக வேண்டும். அது ஆகுமா ஆகாதா என்பதுதான் அவருக்கு அப்போது உலகம். வாய்விட்டுச் சொல்ல மாட்டார். ஆனால் தேநீர் நேரத்தில் காலண்டரைப் பார்ப்பார்.

எங்கள் மேனேஜர் சேகர். என்னைவிடச் சின்னவர், நல்ல மனிதர், அவசரக்காரர். என் ஸ்கிரிப்ட் ஒன்று வருடக்கணக்காக வளர்ந்து, எங்கள் வீட்டுப் பரண் மாதிரி ஆகிவிட்டது. வேண்டாத வரிகளை எடுத்துவிட்டு ஒழுங்காக அடுக்கச் சொல்லி அதை ரஹ்மத்திடம் கொடுத்தார். ரஹ்மத் பொறுமையாக அடுக்கினார். ஓட்டிக் காட்டினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக ஓடியது. "அருமைங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன். அவர் அதைக் கையால் ஓட்டிக் காட்டினார் என்பதும், தானாகப் பிறக்கவிட்டு நாங்கள் இருவரும் பார்க்கவில்லை என்பதும் அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

அந்த ஸ்கிரிப்ட் எதற்கு என்றால், சில கல்லூரிகளுக்கு விண்ணப்பம் வாங்கும் இணையதளத்துக்கு. பிளஸ் டூ ரிசல்ட் வருகிற அன்று கூட்டம் தாங்காது. கூட்டம் ஏற ஏறப் புது மெஷின்கள் பிறந்து கைகொடுக்க வேண்டும்.

ரிசல்ட் வந்த அன்று காலை நான் ஆபீஸுக்குள் நுழையும்போதே சேகர் போனில் நின்றுகொண்டிருந்தார். விண்ணப்பப் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, திறக்கவில்லை. பிள்ளைகளும் பெற்றோரும் கல்லூரிக்குப் போன் மேல் போன் போட, கல்லூரிக்காரர் சேகருக்குப் போட்டிருக்கிறார்.

பிரபு என்று ஒரு தம்பி, கெட்டிக்காரன், வாய் கொஞ்சம் முந்திக்கொள்ளும். அவன் திரையைப் பார்த்தபடி சொன்னான்.

"புதுசு பொறக்குது சார். ஆனா வெறும் ஆளா நிக்குது. ஒரு வேலையும் செய்ய மாட்டேங்குது."

"போன வருசம் நல்லாத்தானே ஓடுச்சு. யாரு கை வெச்சது?" என்றார் சேகர்.

ரஹ்மத் எழுந்து நின்றார். "நான்தான் சார். நீங்க அடுக்கச் சொன்னீங்க. ஓட்டிப் பாத்தேன். ரெங்கராஜ் சாரும் பாத்தாங்க."

"ஓடின லட்சணம்தான் தெரியுதே." சேகர் போனைக் கையால் பொத்திக்கொண்டார். "ரஹ்மத், இந்த மாசம் உங்கள கன்ஃபர்ம் பண்றதா இருந்தேன். இனிமே அந்தப் பேச்சே வேணாம். நீங்க அந்த ரூம்ல போய் உக்காருங்க. சாயங்காலம் பேசி முடிச்சுக்கலாம்."

ரஹ்மத் மேசையில் இருந்த டிபன் டப்பாவை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

"சேகர் சார், அவங்க இங்கயே இருக்கட்டும்" என்றேன். "என்ன மாத்தினாங்கன்னு அவங்களுக்குத்தான் தெரியும். அவங்கள வெளிய அனுப்பிட்டு நாம யாரக் கேக்குறது?"

சேகர் என்னைப் பார்த்தார். பிறகு கையை ஆட்டினார், என்னவோ செய்யுங்கள் என்கிற மாதிரி.

இதற்குள் பிரபு புது மெஷின்களை அழிப்பதும் மறுபடி பிறக்க வைப்பதுமாக இருந்தான். ஒவ்வொரு முறையும் அதே கதை. பதற்றத்தில் நாம் எல்லோரும் செய்வதுதான் இது. கை எதையாவது செய்துகொண்டே இருந்தால் வேலை நடக்கிற மாதிரி ஒரு தோற்றம். ஆனால் ஒவ்வொன்றையும் அழிக்கும்போது அது கடைசியாக என்ன சொன்னது என்பதும் சேர்ந்து அழிந்துபோகும்.

"பிரபு, கொஞ்சம் கைய எடுப்பா. அந்த ஒண்ணையாவது உயிரோட விடு. அது என்ன சொல்லுதுன்னு கேப்போம்."

"அது ஒண்ணும் சொல்லல சார். எர்ரரே இல்ல."

"எர்ரர் இல்லன்னா வேற என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

நான் உட்கார்ந்தேன். மனசுக்குள் ரங்கா ரங்கா என்று ஓடிக்கொண்டிருந்தது. அந்த மெஷின் பிறந்ததிலிருந்து எழுதிவைத்த குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனேன். தப்பு நடந்தது என்று அது எங்கேயும் சொல்லவில்லை. ஒரே ஓர் இடத்தில் மட்டும், எனக்குக் கொடுக்கப்பட்டது என்ன வகை என்று தெரியவில்லை, விட்டுவிட்டேன் என்பதுபோல ஒரு வரி. அதோடு அடுத்த வேலைக்குப் போய்விட்டது.

ஏதோ கடுதாசி என்று ஓரமாக வைத்துவிட்டது. மேடத்தின் குரல் அப்படியே காதில் கேட்டது.

ஸ்கிரிப்டைத் திறந்தேன். முதல் வரியில் ஸ்ரீ. இரண்டாவது வரியில் மெஷினுடைய குறி.

தம்பிகளே, தங்கச்சிகளே, இந்த இடத்தைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். காரணம் தெரிந்துவிட்டது. இனி செய்ய வேண்டியது, ஒரு வரியை ஒரு வரி கீழே இறக்குவது. யாருக்கும் தெரியாமல் இறக்கிவிட்டு, சரியாகிவிட்டது என்று சொல்லிவிட எனக்குத் தோன்றியது. பெருமாள் பெயரால் சர்வர் நின்றது என்று ஒருவன் வாயில் விழ வேண்டாமே என்ற எண்ணம். ஆனால் காரணம் சொல்லாமல் சரிசெய்தால் சேகர் மனதில் என்ன நிற்கும்? ரஹ்மத் ஏதோ கெடுத்தார், ரெங்கராஜ் ஏதோ சரிசெய்தார், அவ்வளவுதான் நிற்கும். சாயங்காலம் அவர் டிபன் டப்பாவோடு போய்விடுவார்.

நான் இப்படி யோசித்துக்கொண்டிருந்தபோதே பிரபு என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டான்.

"இது ரெண்டாவது வரியில இருந்ததுதானே சார்?" என்றவன், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சாமி பேர்ல போயி அவங்க ஏன் சார் கை வெக்கணும்?" என்றான்.

குரலைத் தாழ்த்தியதால்தான் எல்லோருக்கும் கேட்டது. சேகர் திரும்பினார். ரஹ்மத்தின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. அவருடைய கை பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்தது, அது தெரிந்தது.

ஒரு நிமிடத்தில் விஷயம் வேறு திசைக்குப் போய்விட்டது. வேலையில் நடந்த தவறு என்றால் வேலை போகும், வேறு வேலை தேடலாம். இந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டால் திருச்சியில் எந்த ஆபீஸ் வாசலுக்குப் போனாலும் அவருக்கு முன்னால் அது போய் நிற்கும்.

"மொதல்ல மெஷின எழுப்புவோம்" என்றேன். "வெளிய பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்கு. அப்புறம் நான் சொல்றேன். அதுவரைக்கும் யாரும் எங்கயும் போகாதீங்க. யாருக்கும் எதுவும் சொல்லாதீங்க."

பாதி தெரிந்த ஆள் யாரையும் அந்த அறையை விட்டு வெளியே அனுப்பக் கூடாது என்பது மட்டும்தான் அப்போது என் மனதில் இருந்தது. தேநீர் கொண்டுவந்த அண்ணனைக்கூட, "இருங்க, குடிச்சிட்டு கிளாஸ் தரோம்" என்று நிற்க வைத்துவிட்டேன்.

ஸ்ரீயை இரண்டாவது வரிக்கு இறக்கினேன். மெஷினுடைய குறியை மேலே ஏற்றினேன். புதிதாக ஒன்றைப் பிறக்கவிட்டேன். அது எழுந்திருக்கும்வரை நாங்கள் எல்லோரும் நின்றோம். பிள்ளை பிறந்த வீட்டில் அழுகைச் சத்தத்துக்குக் காத்திருப்பது போலத்தான் இருந்தது. திரையில் வரிகள் ஓட ஆரம்பித்தன. ஒவ்வொரு கமாண்டாக நிறைவேறிக்கொண்டே வந்தது. மெஷின் கூட்டத்தை வாங்கிக்கொண்டது. அடுத்தது பிறந்தது. அதுவும் வாங்கிக்கொண்டது. பிரபு தன் போனில் விண்ணப்பப் பக்கத்தைத் திறந்து பார்த்தான்.

"வந்துடுச்சு சார்" என்றான்.

நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் எல்லோரும் கலைந்துவிடுவார்கள்.

"இப்ப சொல்றேன், கேளுங்க" என்றேன். மேடம் எனக்குச் சொன்னதை எல்லோருக்கும் சொன்னேன். முதல் வரி எதற்கு, ஸ்ரீ ஏன் இரண்டாவது வரியில், கையால் ஓட்டினால் ஏன் ஓடும், பிறக்கும்போது ஏன் ஓடாது. "இந்தக் காரணம் இந்த ஆபீஸ்ல எனக்கு மட்டும்தான் தெரியும். நான் யாருக்கும் சொல்லல. ரஹ்மத் கையால ஓட்டிக் காட்டினப்ப பக்கத்துல நின்னு சரின்னு சொன்னதும் நான்தான். இனி அவங்க ஏன் மாத்தினாங்கன்னு அவங்களே சொல்லட்டும். ரஹ்மத், சொல்லுங்க."

ரஹ்மத் மெதுவாகத்தான் பேசினார்.

"எங்க வீட்டுல எத எழுதினாலும் அல்லாஹ் பேருதான் சார் மேல. எங்க அத்தா கடைச் சீட்டுலகூட 786 போட்டுட்டுதான் குடையா பையான்னு எழுதுவாரு. அதுக்கு மேல ஒரு கோடுகூட இருக்கக் கூடாதும்பாரு. இதுல பாத்தா சாருடைய சாமி பேரு கீழ இருந்துச்சு. மேல என்னமோ குறி. யாரோ தெரியாம நடுவுல வரி சேத்துட்டாங்க போலன்னு நெனச்சேன். எங்க சாமி பேரா இருந்தா நான் அப்படி விடுவனா? அதான் மேல வெச்சேன்."

தேநீர் அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அது மரியாதைதானே சார்" என்றார், சேகரைப் பார்த்து.

பிரபு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சாரிக்கா. நான் வேற மாதிரி நெனச்சிட்டேன்" என்றான்.

"நீ நெனச்சது எனக்குக் கேட்டுச்சு" என்றார் ரஹ்மத். கோபமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுப் பையைக் கீழே வைத்தார்.

அந்த நேரம் பார்த்துக் கல்லூரிக்காரர் மறுபடி போனில் வந்தார். பக்கம் திறக்கிறதாம், சந்தோஷமாம், ஆனால் என்ன கோளாறு என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம். சேகர் எங்களைப் பார்த்தார். பிறகு உள்ளதைச் சொல்லிவிட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க. சாமி பேரு ஒரு வரி மேல போயிடுச்சு. இப்ப கீழ எறக்கிட்டோம்."

அந்தப் பக்கத்திலிருந்து அவர் ஏதோ கேட்டார்.

"நம்ம ரெங்கநாதர்தாங்க" என்றார் சேகர். "ஆமாங்க. சரிங்க. வெச்சிடுறேங்க."

"என்ன கேட்டாரு?" என்றேன்.

"எந்த சாமின்னு கேட்டாரு. ரெங்கநாதர்ன்னதும், அப்ப சரின்னு வெச்சிட்டாரு."

முதலில் சிரித்தது ரஹ்மத்தான். அதற்கப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. தேநீர் அண்ணனுக்குப் பாதி புரியவில்லை, அவரும் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் சேகர் ரஹ்மத்திடம் சொன்னார். "காலையில நான் சொன்னத மறந்துடுங்க. நான் சொல்லவே இல்லன்னு வெச்சுக்குங்க."

"சொன்னீங்க சார்" என்றார் ரஹ்மத். "ஆனா மறந்துடுறேன்."

"இனிமே இதுல சாமி பேரே வேண்டாம். எடுத்துடுறேன் சார்" என்று நான் விசைப்பலகையில் கை வைத்தேன். உண்மையில் அப்படித்தான் நினைத்தேன். என் பக்தியை என் வீட்டில் வைத்துக்கொள்ளலாமே, அடுத்தவர் வேலைக்கு அதனால் ஏன் சங்கடம் என்று.

ரஹ்மத்தான் தடுத்தார். "எடுக்காதீங்க சார். அது பாட்டுக்கு ரெண்டாவது வரியில இருக்கட்டும். காரணம் தெரியாததுனாலதானே இவ்வளவும். காரணத்த நான் எழுதிடுறேன்." என் நாற்காலியை நகர்த்தச் சொல்லி, உட்கார்ந்து, மூன்றாவது வரியில் தமிழிலேயே தட்டினார். அதை நான் அப்போது படிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மாதக் கடைசியில் அவருக்கு வேலை நிரந்தரமானது. பெரிய கடைவீதியிலிருந்து ஒரு டப்பா அல்வா வந்தது. மூடியில் 786 என்று பேனாவால் எழுதியிருந்தது, ஓரத்தில் இடம் விட்டு, உச்சியில்.

சம்பவம் நடந்த அன்று நான் வீட்டுக்குப் போகாமல் நேராகச் சன்னதிக்குப் போனேன். கூட்டம் இல்லை. நிம்மதியாகச் சேவித்தேன். வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் கையாலேயே பெருமாள் பேரைக் கீழே இறக்கினேனே என்று உள்ளுக்குள் ஒரு சின்ன உறுத்தல் இருந்தது, அதையும் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"இந்த ஊர்ல அவரே படுத்துக்கிட்டுத்தான் இருக்காரு. மேல என்ன, கீழ என்ன? அந்தப் பொண்ணுக்கு வேலை நெலச்சுதா, அதச் சொல்லுங்க" என்றாள்.

நிலைத்தது என்றேன். அப்புறம்தான் பசி தெரிந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுத எனக்குத் தயக்கம் வந்திருக்காது. கொஞ்ச நாள் கழித்து வேறொரு கம்பெனி ஆள் ஒருவர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து என்னிடமே கதை சொன்னார். தில்லைநகரில் ஓர் ஆபீஸில் ஒரு பெண் வேண்டுமென்றே சாமி பெயரை அழித்துவிட்டாராம், அன்றைக்கே சர்வர் படுத்துவிட்டதாம், சக்தியைப் பாருங்கள் என்றார். இன்னொரு நாள் ஒரு கல்லூரி லேபில் ஒரு வாத்தியார் சொன்னார். ஒரு கிழவர் மூட நம்பிக்கையில் ஸ்கிரிப்டுக்குள் சாமி பெயரை எழுதிவைத்து எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாராம். அந்தக் கிழவர் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. இரண்டு பேரிடமும், அப்படி நடக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். நடந்ததைச் சொல்லப் போனால் இதிலும் பாதியை எடுத்துக்கொண்டு போவார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். எங்கள் அறையிலிருந்து யார் பாதியை வெளியே கொண்டுபோனார்கள் என்று நான் தேடவில்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார்கள். சுவையான பாதி எதுவோ அது கால் முளைத்துப் போய்விடும்.

நான் ஓய்வு பெற்று இப்போது வீட்டில் இருக்கிறேன். ரஹ்மத் அதே கம்பெனியில் ஒரு குழுவை நடத்துகிறார். அவருடைய கணவர் எழுந்து நடமாடி, அத்தாவின் கடையைப் பார்த்துக்கொள்கிறார். சென்ற வாரம் ரஹ்மத் போன் செய்தார்.

"சார், புதுசா சேந்த புள்ளைங்க மூணாவது வரியப் பாத்துட்டு இது என்ன கதைன்னு கேக்குதுங்க. நான் சொன்னா நானே என்னப் பத்திச் சொல்லிக்கிற மாதிரி இருக்கு. நீங்க எழுதிடுங்க. முழுசா எழுதுங்க. பிரபு சொன்னதையும் எழுதுங்க, அவன் கிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டான்."

"மூணாவது வரியில என்னம்மா எழுதினீங்க? நான் அன்னைக்குப் படிக்கவே இல்ல."

"இத்தன வருசமாவா?" என்று சிரித்துவிட்டுப் படித்துக் காட்டினார். "மேலே உள்ள இரண்டு வரிகளின் இடத்தை மாற்ற வேண்டாம். முதல் வரி மெஷினுக்கு. இரண்டாவது வரி ரெங்கராஜ் சாருக்கு."

அதைக் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் ஒரு ஸ்கிரிப்டில் காரணம் புரியாத ஒரு வரியைப் பார்த்தால், எழுதியவர் உயிரோடு இருந்தால் கேளுங்கள். நீங்கள் எழுதும்போது காரணத்தையும் சேர்த்து எழுதிவிட்டுப் போங்கள். கையால் ஓட்டிப் பார்த்ததோடு நிறுத்தாதீர்கள், பிறக்கவிட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்த பாடம் இவ்வளவுதான்.

கடைசியாக ஓர் உதவி கேட்கிறேன். இதை யாருக்காவது அனுப்புவதாக இருந்தால் இப்படியே அனுப்புங்கள். நீளமாக இருக்கிறது என்று நடுவில் வெட்ட வேண்டாம். என் ஸ்ரீயை மட்டும் எடுத்துக்கொண்டு போக வேண்டாம், அவர் அத்தாவின் 786-ஐ விட்டுவிட்டுப் போகவும் வேண்டாம். பெரிய அத்தையின் முறுக்குகூட அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.